தட்டில் வந்த மண்

மருத்துவர் என் மனைவியின் நாக்கில், இடது ஓரத்தில் இருந்து, மிளகளவு சதையை வெட்டியெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு தையல் போட்டார். சோதனை முடிவு அடுத்த வாரம் புதன்கிழமை பதினோரு மணிக்கு என்றார். இடையில் ஏழு முழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களில்தான் நாங்கள் சென்னையைச் சுற்றிப் பார்த்தோம். அதற்கு முன்பு, நாற்பத்தொரு ஆண்டுத் தாம்பத்தியத்தில், வேடிக்கை பார்ப்பதற்கென்று நான் அவளை எங்கும் கூட்டிப்போனதில்லை.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். சிவகிரி, வாசுதேவநல்லூர், பனவடலிசத்திரம் என்று வரப்புகளில் சங்கிலி பிடித்து நடந்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து கோயில் கோபுர வாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. இந்தப் பழக்கத்தால் வீட்டுக்கு ஒரே ஒரு உபயோகம் இருந்தது. ஆடித்தவசுக்குக் கொடியேறியதும் எங்கள் ஊரில் ஜனங்கள் கோயிலைச் சுற்றத் தொடங்குவார்கள். என் மனைவிக்கு நூற்றெட்டுச் சுற்று. அவள் சுற்றுவாள், நான் ஒரு தூணோரம் உட்கார்ந்து நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவேன். என்னைக் கடக்கும்போதெல்லாம் "எத்தன ஆச்சு?" என்று கேட்பாள். முடித்ததும் புற்றுமண் எடுத்து நெற்றியிலும் தொண்டையிலும் பூசுவாள், ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொள்வாள். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம், அதுதான் மருந்து. சிரங்குக்கும் அதுதான், வயிற்று வலிக்கும் அதுதான்.

நாக்கில் புண் வந்தது ஆவணியில். கடைவாய்ப்பல் உரசுகிறது என்றார்கள். பல்லைப் பிடுங்கினோம். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் பார்த்தாயிற்று. புற்றுமண்ணையும் வைத்துப் பார்த்தாள். கார்த்திகையில் மகள் சென்னையிலிருந்து வந்தவள், அம்மாவின் வாய்க்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மூன்று ரயில் டிக்கெட் போட்டாள். புண் வந்து அன்றைக்குத் தொண்ணூற்று நான்காவது நாள். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

"கெட்டதா இருந்தா நாக்குல ஒரு பகுதியை எடுக்கவேண்டி வரும்," என்றார் மருத்துவர். "பேச்சும் ருசியும் எவ்வளவு மிஞ்சும்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

மற்றவர்களுக்கு இது எப்படியோ. என் மனைவியிடம் இருந்ததே அந்த இரண்டும்தான். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் ஆனாலும் இவளைக் கூப்பிட்டு ஒரு வாய் வைத்துப் பார்க்கச் சொல்லாமல் பந்தி போடமாட்டார்கள். சாம்பாரை நாக்கில் விட்டு, எந்தக் கடைத் துவரம்பருப்பு என்று சொல்லுவாள். பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் ரயில் ஏறிய நாங்கள் ராஜபாளையம் வருவதற்குள், எதிர் இருக்கைப் பெண்ணின் மூன்று நாத்தனார்களைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடு," என்று நான் ரயிலிலேயே சொன்னேன். அது முதல் தடவை.

சோதனைக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மகள் வீட்டில் சும்மா இருந்தோம். மகள் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அப்போது வெளிநாட்டில். பதினோராவது மாடி. ஜன்னலில் இருந்து பார்த்தால் இருபத்தேழு தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் மகள் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மூணு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா புதன்கெழமைக்குள்ள மூணு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிரும். கெளம்புங்க."

"புண்ணோட எங்கன போக?" என்றேன்.

"புண்ணு வாயிலதானப்பா இருக்கு? கால் நல்லாத்தான இருக்கு?"

மனைவி சிரித்தாள். "கேளுங்க, உங்க மக கேக்கத."

முதலில் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் காட்சியகம். வரிசையில் இருபத்திரண்டு நிமிடம் நிற்க வைத்தார்கள். முதியோர் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. உள்ளே போனால் இருட்டு, தரை ஈரம். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு கண்ணாடிக் குகை வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், தலைக்கு மேலும் தண்ணீர். ஒரு சுறா எங்கள் மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு போயிற்று. எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அப்படி ஒன்றை என் கண் பார்க்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆகவே மீன்களை எண்ண ஆரம்பித்தேன்.

"அதுக சுத்திச் சுத்தி வருதுங்க," என்றாள் மனைவி. "ஒரே மீன நாலு தடவ எண்ணுதிய."

"நான் அடையாளம் வச்சுத்தான் எண்ணுதேன்."

"என்ன அடையாளம்? தாலுகா ஆபீஸ்ல முத்திர குத்தி விட்டுருக்கோ?"

முறம்போல ஒரு திருக்கை வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதன் அடிப்பக்கம் யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது. இவள் கண்ணாடியில் விரலால் தட்டி, "ஏலே, என்ன சிரிக்க? கண்ண எங்கன வச்சிருக்க நீ? ஏதாச்சும் சொல்லேம்ல," என்றாள். குகை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. முன்னால் போன குடும்பம் திரும்பிப் பார்த்தது. "மெதுவாப் பேசு, தையல் பிரிஞ்சிரும்," என்றேன். இரண்டாவது தடவை.

சனிக்கிழமை ஒரு பெரிய வணிக வளாகம். நகரும் படிக்கட்டு முன்னால் நின்றவள், பதினாறு பேரை முன்னால் விட்டாள்.

"இது நிக்கவே நிக்காதா?"

"நிக்காதும்மா. யோசிக்காம காலத் தூக்கி வையி," என்றாள் மகள்.

"யோசிக்காம கால வச்சுத்தான உங்க அப்பாவக் கட்டுனேன்."

பின்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் அந்தப் பெண்ணின் கையையே பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

நான்காவது மாடியில் செயற்கையாகப் பனி கொட்டுகிற ஒரு கூடம் இருந்தது. மேலங்கி கொடுத்தார்கள். என்னுடையதில் முன்பு போட்டவரின் வியர்வை காயவில்லை. ரப்பர் காலணி இரண்டும் இரண்டு அளவு. போய்ச் சொன்னேன், மாற்றித் தரவில்லை. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து என்று எழுதியிருந்தது. பனி கல்லுப்புக் குவித்த மாதிரி கிடந்தது. "நம்ம கோயில்ல நேந்துக்கிட்டுக் கொட்டுத உப்பு கணக்கா இருக்கு," என்றாள் மனைவி. அப்படிச் சொல்லும்போது அவள் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, புகை வருது பாருங்க! ஈர வெறக அடுப்புல வச்ச மாதிரி!"

பிறகு புகை பார்ப்பதற்காகவே பேசினாள். சங்கரன்கோவில் என்றாள், புகை. மகளின் பெயரைச் சொன்னாள், புகை. என் பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அதையும் சொன்னாள், சொல்லிவிட்டு அந்தப் புகையைக் கையால் பிடிக்கப் போனாள். அறுபத்து மூன்று வயதுப் பெண். "வாய மூடு, குளிரு புண்ணுல எறங்கும்," என்றேன் நான். மூன்று. வாயை மூடிக்கொண்டாள். அதன் பிறகு மூக்கில் இருந்து மட்டும் இரண்டு சின்னக் கீற்றுகள் வந்தன.

திங்கட்கிழமை சினிமா. சாய்ந்து படுக்கிற நாற்காலி. ஒரு பொத்தானை அழுத்தினால் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். இவள் அதை ஏழு முறை அழுத்தினாள். படம் ஆரம்பித்ததும் வீட்டில் டிவி பார்க்கிற மாதிரியே பேசிக்கொண்டு பார்த்தாள். "இவந்தான் கொன்னவன், முழியப் பாத்தாலே தெரியுது." முன்வரிசையில் இருந்தவர் இரண்டு முறை திரும்பினார். இரண்டு முறையும் நான் அவளை அடக்கினேன். நான்கு, ஐந்து. இடைவேளைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. காரில் வரும்போது மீதிக் கதையை அவள்தான் சொன்னாள். நான் பார்த்த பாதியைவிட அவள் சொன்ன பாதி நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகள் ஓர் உணவகத்தில் இடம் பிடித்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பதார்த்தங்கள் வரும், காரம் கூடாது என்று சொல்லியாயிற்று என்றாள். மறுநாள் பதினோரு மணிக்கு மருத்துவமனை. இன்றைக்குப் போய் இதெல்லாம் எதற்கு என்று சமையலறையில் வைத்து அவளிடம் கேட்டேன்.

"அப்பா, அம்மாவுக்கு எல்லா ருசியையும் இன்னைக்கே காட்டிரணும்ப்பா. நாளைக்குப் பெறகு..." என்றாள். குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

அது ஒரு பழைய பங்களா. உள்ளே பன்னிரண்டு மேஜைகள். ஒரு மேஜைக்கு ஒரு சின்ன விளக்கு. எதிரில் இருப்பவர் முகம் தெரிந்தால் தட்டு தெரியாது, தட்டு தெரிந்தால் முகம் தெரியாது. நாற்காலிக்குக் கை இல்லை. எனக்கு முன்னால் இரண்டு முள்கரண்டி, மூன்று கரண்டி, ஒரு கத்தி. கறுப்புச் சட்டை போட்ட பரிசாரகர், முப்பது வயதிருக்கும், எந்தத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். தண்ணீரில் எத்தனை விதம் இருக்கிறது என்று நான் கேட்டேன். மூன்று என்றார்.

முதல் பதார்த்தம் வந்தது. எங்கள் வீட்டுத் தாம்பாளம் அளவுக்குத் தட்டு. நடுவில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை.

"மிச்சம் பின்னால வருதா தம்பி?" என்றாள் மனைவி.

"இவ்ளோதாம்மா. அடுத்தது வரும்."

"அதுவும் இவ்ளோதானா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க நடந்தே மெலிஞ்சிருவியளே."

பரிசாரகர் சிரித்துவிட்டார். அங்கே சிரிக்கக் கூடாது போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவதாக ரசம், ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில், சூடு ஆறி வந்தது. மனைவி ஒரு வாய் உறிஞ்சி, புண் இல்லாத வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடினாள். கல்யாண வீட்டுப் பின்கட்டில் அவள் இப்படி நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"கண்டந்திப்பிலி போட்டிருக்கு. மிளகு கம்மி. புளி இல்ல இது. மாங்கா வத்தல ஊறப்போட்டு அந்தத் தண்ணிய விட்டுருக்கான்."

பரிசாரகர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "சமையல்காரர் கரெக்ட்னு சொல்றாரும்மா. மாங்கா வத்தல இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிச்சதில்லையாம்."

"நான் சொல்லுதேம்லா," என்றாள் என்னைப் பார்த்து. நான் ஒன்றும் மறுத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பரிசாரகர் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நிற்பார். இவள் ஒரு வாய் வைப்பாள், சொல்லுவாள், அவர் உள்ளே ஓடுவார். மூன்றாவது சரி. நான்காவதில் ஜாதிக்காய் என்றாள். ஜாதிபத்திரி என்று பதில் வந்தது. "ஒரே மரந்தான," என்றாள். ஐந்தாவது சரி. மகள் சாப்பிடவே இல்லை, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் மறுநாள் புதன்கிழமை என்பதைக் கொஞ்ச நேரம் மறந்திருந்தேன்.

ஆறாவது தட்டு வந்தது. நடுவில் பழுப்பும் கறுப்புமாகப் பொடிப்பொடியாக ஒரு மேடு. மேட்டின் மேல் சின்னச் சின்னக் காளான்கள் நட்டு வைத்த மாதிரி நின்றன. மழை பெய்த மறுநாள் புற்று எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"இது மண்ணும்மா," என்றார் பரிசாரகர். "பாக்கறதுக்கு மண்ணு மாதிரியே செஞ்சிருக்கோம். ஆனா சாப்பிடலாம்."

என் மனைவி கரண்டியைத் தொடவில்லை. வலது கையால் ஒரு சிட்டிகை எடுத்தாள். நெற்றியில் வைத்தாள். தொண்டையில் இழுத்துப் பூசினாள். இன்னொரு சிட்டிகை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மூன்றாவது சிட்டிகையை மகளின் நெற்றியில் வைத்தாள். மகள் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான்காவது சிட்டிகையோடு அவள் கை மேஜைக்கு மேலே என் நெற்றியை நோக்கி வந்தது.

பக்கத்து மேஜையில் நான்கு பேர். நான்கு பேரும் பார்த்தார்கள். அதில் ஒருத்தி செல்போனைத் தூக்கினாள்.

நான் மனைவியின் கையைத் தட்டிவிட்டேன். பொடி வெள்ளைத் துணியில் கொட்டியது. "மானத்த வாங்காத," என்றேன். "அது திங்கதுக்கு வச்சது. கோட்டி மாதிரி பூசிக்கிட்டு. வாய மூடிக்கிட்டுச் சும்மா இரி."

"திங்கதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் மெதுவாக. "ஒருத்தன் மண்ணுன்னு சொல்லிக் கையில தாரான். நெத்தியில வைக்காம எப்படித் திங்க? அதுவும் இன்னைக்கு."

"அப்பா," என்றாள் மகள்.

பரிசாரகர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். தட்டில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தார். "அம்மா, இதுல என்ன போட்டிருக்கோம், சொல்லுங்க பாப்போம்," என்றார், நிலைமையைச் சரிசெய்கிற குரலில். அவள் தலையை ஆட்டினாள். தெரியாது என்பதுபோல.

ஏழாவது வந்தது. எட்டாவது வந்தது. ஒன்பதாவது ஏதோ இனிப்பு. ஒவ்வொன்றுக்கும் பரிசாரகர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஒவ்வொன்றையும் அவள் கரண்டியால் எடுத்து, ஒழுங்காக, மற்ற மேஜைக்காரர்களைப் போலச் சாப்பிட்டாள். ஒரு சொல் பேசவில்லை. நெற்றியில் இருந்த பொடியை மட்டும் அவள் துடைக்கவில்லை. காரில் வரும்போது தெருவிளக்கு ஒவ்வொன்றாக ஜன்னல் கண்ணாடி வழியே அவள் நெற்றியில் விழுந்து போனது. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. மகள் இடம் பிடிக்கும்போது என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். நேற்றைய உணவு அனுபவத்துக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று உணவகத்தில் இருந்து கேட்டிருந்தார்கள். வேறு எதற்கும் நான் எண் போடாமல் இருந்ததில்லை. ஆறு தட்டுக்கு ஒரு எண், மூன்று தட்டுக்கு வேறொரு எண் என்று போட அதில் இடமில்லை. போனைப் பைக்குள் போட்டேன். அப்போது எங்களைக் கூப்பிட்டார்கள்.

மருத்துவர் பேசியது பதினொரு நிமிடம். இடது பாதி நாக்கை எடுக்க வேண்டும், கழுத்தைக் கீறி அங்கே இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும், முன்கையில் இருந்து சதை எடுத்து நாக்கில் ஒட்ட வேண்டும், காயம் ஆறியதும் முப்பது நாள் கதிர் வைக்க வேண்டும் என்றார். மனைவி என்னைப் பார்க்காமல் மருத்துவரிடம் கேட்டாள்: "எத்தன நாள் கழிச்சு டாக்டர்? ஆபரேசனுக்கு?" ஐந்து நாள் என்றார்.

அந்த ஐந்து நாளும் நான் அவளைப் பேசச் சொன்னேன். என்னவாவது பேசு என்றேன். "என்னத்தப் பேச?" என்றாள். கோபமில்லை. பயம் வந்துவிட்டது அவளுக்கு. பயம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவள் பயந்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது மகளிடம் மட்டும், "அப்பாவுக்கு ராத்திரி மாத்திர ரெண்டு, மறந்துறாத," என்றாள். பழைய நாக்கில் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

மாசி கடைசியில் ஊருக்குத் திரும்பினோம். உயிருக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்கிறார், அது பெரிய காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. கதிர் வைத்ததில் ருசி போய்விட்டது. ஒரு வருஷத்தில் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். சாப்பாடு எல்லாம் மிக்ஸியில் அடித்துத்தான். இப்போது சமையல் நான். அடித்து அவள் முன்னால் வைத்துவிட்டு, இது பூசணிக்காய், இது பாசிப்பருப்பு என்று சொல்லுவேன். நிறத்தை வைத்து அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் சொல்லுவேன்.

பேச்சு வருகிறது. ஆனால் சொற்கள் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. எனக்கும் மகளுக்கும் முழுக்கப் புரியும். மற்றவர்களுக்குப் புரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்தார். இவள் ஏதோ கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, மதினி என்ன சொல்லுதா?" என்றார். "உம்ம மக பிரசவத்துக்கு வந்துட்டாளான்னு கேக்கா," என்றேன். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து ஆள் வந்தால் அவள் வெளியே வருவதில்லை. என்னிடமும் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு அவள் பேசும் சொற்களை நான் எண்ணுகிறேன். பங்குனியில் முப்பது, நாற்பது இருந்தது. ஆனியில் ஒருநாள் ஒன்பது. அவளை வாயை மூடச் சொன்ன அந்த ஆறு தடவைகளை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய நாற்பத்தொரு ஆண்டுகளில் எத்தனை என்று என்னிடம் கணக்கில்லை.

இந்த ஆடியில் கொடியேறிய மறுநாள் காலையில், நான் சொல்லாமலே, அவள் குளித்துவிட்டு வாசலில் நின்றாள். நான் புளியங்கொட்டைப் பையை எடுத்துக்கொண்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

தூணோரம் உட்கார்ந்தேன். கூட்டத்தோடு அவள் சுற்றத் தொடங்கினாள். முதல் சுற்றில் என்னைக் கடக்கும்போது கேட்கவில்லை. இரண்டாவதிலும் கேட்கவில்லை. சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். மூன்றாவதில் இருந்து நானே சத்தமாக, "மூணு," என்றேன், "நாலு," என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டிக்கொண்டு போனாள். இருபத்தொன்றில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். போதும் என்று கையைக் காட்டினாள்.

புற்றுமண் எடுத்தோம். நெற்றியில் வைத்தாள். தொண்டையில், தழும்புக்கு மேலே, பூசினாள். பிறகு ஒரு சிட்டிகையோடு என் பக்கம் கையைக் கொண்டுவந்தாள். பாதியில் நிறுத்தினாள். நான் குனிந்தேன். நன்றாகவே குனிந்தேன், முதுகு பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. வைத்தாள். மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ருசி தெரியுதா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். தூணுக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்தாள். பிறகு அந்தக் குழைந்த குரலில், யாரும் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகப் பேசினாள்.

"அங்கன தந்தாம்லா ஒரு மண்ணு."

"ஆமா."

"கறுப்பு எள்ளு. காளான வத்தலாக் காயப்போட்டு வறுத்துப் பொடிச்சது. கேப்பை. காப்பித்தூள் கொஞ்சூண்டு." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். "உப்பு அளவா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. அந்தத் தம்பிகிட்ட சொல்லியிருக்கலாம். எம்புட்டு நேரம் நின்னு பாத்தான்."

ஏதாவது கேட்டால் இன்னும் பேசுவாள் என்று தோன்றியது.

"பெறகு மூணு வந்துச்சே, அதுல எல்லாம் என்ன கெடந்துச்சு?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியல," என்றாள். "அதுகள நான் திங்கல. முழுங்குனேன்."

இரண்டு பெண்கள் சுற்றை முடித்துவிட்டு அதே தூணுக்கு வந்தார்கள். மனைவி பேச்சை நிறுத்தி, முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். பையில் மாற்றாமல் மிச்சம் இருந்த எண்பத்தேழு புளியங்கொட்டைகளையும் கட்டி எடுத்துக்கொண்டு, அவள் எழுந்திருப்பதற்குக் கையைக் கொடுத்தேன்.